ஃபிட்னஸ் பேண்ட் வாங்கலாமா? மருந்தகக் கவுண்டரிலிருந்து என் பதில்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். மருந்துச் சீட்டோடு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த வாட்ச் வாங்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். பின்னால் வரிசை நிற்கும்போது இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடிவதில்லை. அதனால் மனதில் உள்ளதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுருக்கமான பதில். நடக்க ஆசை இருக்கிறது, எத்தனை அடி என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் நடப்பேன் என்கிறவர் மணிக்கட்டில் கட்டும், 200 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் சாதாரண ஃபிட்னஸ் பேண்டை வாங்கலாம். அவருக்கு அது போதும். ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும் வாட்ச், உடல்நலத்துக்காக மட்டும் என்றால், பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. விரலைக் குத்தாமல் ரத்தத்தில் உள்ள சீனி அளவைக் காட்டும் என்று விற்கப்படுவதை எந்த விலையிலும் வாங்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

பேண்ட் உண்மையில் அளப்பது இரண்டே விஷயங்கள். ஒன்று, கையின் அசைவு. உள்ளே இருக்கும் சின்ன சென்சார் கை வீசும் தாளத்தைப் பார்த்து அடிகளை எண்ணுகிறது. இன்னொன்று, ஒளி. அடிப்பக்கம் மினுக்கும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த மாற்றத்தை வைத்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. தூக்கம், கலோரி, மன அழுத்தம் என்று திரையில் வருகிற மற்றதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்து ஊகித்துச் சொல்வதுதான்.

கை வீசாவிட்டால் எண்ணிக்கை குறையும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினாலும் பாதி அடிகள் கணக்கில் வராமல் போகலாம். தைப்பூசத்தன்று தலையில் பால்குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறுகிறவருக்கும் அப்படித்தான். ஏறியது ஏறியதுதான், பேண்ட் என்ன சொன்னாலும்.

நம் தோல் நிறத்துக்கு இது சரியாக வேலை செய்யுமா என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்க வேண்டாம், நல்ல கேள்வி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், துடிப்பை அளப்பதில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருப்பதைவிட, உடல் அசையும்போது பிழை சுமார் 30 விழுக்காடு கூடியது. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு வேறு கதை. அதே 2020இல் வந்த இன்னோர் ஆய்வில், மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் கருவியே, ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருப்பதை வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது தெரியவந்தது. மருத்துவமனைக் கருவிக்கே அந்த நிலை என்றால், மணிக்கட்டில் வரும் ஆக்சிஜன் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் ஒளி சரியாகப் போய் வராது. பச்சை இல்லாத கையில் கட்டுங்கள்.

சரி, கட்டினால் நடை கூடுமா? கூடுகிறது. 2022இல் லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழ் ஒன்றில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. இப்படிப்பட்ட கருவியைப் பயன்படுத்தியவர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 1,800 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். எடை ஒரு கிலோ அளவில் குறைந்தது. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை என்றாலும், 200 ரிங்கிட்டுக்கு நல்ல பலன் என்றே நான் சொல்வேன்.

ஆனால் எடை குறையும் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 471 இளைஞர்களை 24 மாதங்கள் கவனித்தார்கள். எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடும் ஆலோசனையும் உண்டு. ஒரு பாதிப் பேருக்கு மட்டும் இடையில் கருவியும் கொடுத்தார்கள். கடைசியில் கருவி கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்திருந்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ. அதே ஆண்டு சிங்கப்பூரில் 13 நிறுவனங்களைச் சேர்ந்த 800 ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. நமக்குப் பக்கத்து ஊர், இதே வெயில், இதே சாப்பாடு. அதில் ஒரு பிரிவினருக்கு நடந்தால் காசும் கொடுத்தார்கள். காசு கொடுத்த ஆறு மாதமும் அவர்கள் நடந்தார்கள். காசு நின்றதும் நடையும் பழையபடி ஆகிவிட்டது. ஓர் ஆண்டு முடிவில் பத்தில் ஒருவர்தான் கருவியைக் கட்டிக்கொண்டிருந்தார். எடையிலோ ரத்த அழுத்தத்திலோ முன்னேற்றம் இல்லை.

இதையெல்லாம் படித்த பிறகும், கவுண்டரில் பார்த்ததை வைத்தும் சொல்கிறேன்: நடக்கும் எண்ணம் ஏற்கனவே உள்ளவருக்குப் பேண்ட் உதவுகிறது. எண்ணமே இல்லாதவர் கையில் அதைக் கட்டிவிட்டால் எண்ணம் வருவதில்லை. அப்பாவுக்குப் பிறந்த நாள் பரிசாக விலையுயர்ந்த வாட்ச் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அன்பு புரிகிறது. ஆனால் அப்பா அதைக் கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும் கட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை வண்டியில் ஏற்றித் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போய்க் கூடவே ஒரு சுற்று நடந்தால், அந்த வாட்ச் செய்யாததைச் செய்யும்.

ஒரு நாளைக்கு 10,000 அடி நடந்தே ஆக வேண்டும் என்று பயந்துபோய்க் கேட்கிறவர்கள் உண்டு. மூட்டு வலியோடு இருக்கும் ஆன்ட்டிகள் முக்கியமாக. அந்த எண்ணை எந்த மருத்துவரும் ஆராய்ந்து சொல்லவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்பதற்காக வைத்த எண் அது. 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் நடையைப் பார்த்தார்கள். சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே ஆன்ட்டி, உங்கள் 4,500 அடி நல்ல நடை. அதை விடாமல் நடங்கள்.

கலோரி கணக்கை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். துடிப்பை ஆறு கருவிகள் ஐந்து விழுக்காட்டுக்குள் சரியாகச் சொல்லின. எரித்த கலோரியில் இருப்பதிலேயே துல்லியமான கருவிகூட 27 விழுக்காடு தப்பு, மோசமானது 93 விழுக்காடு. பேண்ட் 300 கலோரி எரித்ததாகச் சொன்னது, அதனால் மாமாக் கடையில் ஒரு ரொட்டி சானாய் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டால், அந்த 300 உண்மையில் 200ஆகக்கூட இருக்கலாம். ரொட்டி சானாயின் 300 கலோரி அப்படியேதான் இருக்கும். கூடவே ஒரு தே தாரிக்.

இப்போது சீனி வாட்ச்.

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், மிகுந்த மகிழ்ச்சியோடு வந்தார். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, அவருக்கு நீண்ட காலமாக உண்டு. இணையத்தில் வாங்கிய வாட்சைக் காட்டினார். "பாரும்மா, இனிமே விரல குத்தவே வேணாம். இதுவே காட்டிருது." திரையில் 5.4 (மில்லிமோல் கணக்கில்), நல்ல அளவு. "அங்கிள், ஒரே ஒரு தடவ குத்திப் பாத்துருவமா?" என்று கெஞ்சிக் கேட்டு, கடைக் கருவியில் பார்த்தேன். 13.8, மிக அதிகம். அவர் முகம் மாறிவிட்டது. அதே வாட்சை என்னோடு வேலை செய்யும் பெண் கட்டிப் பார்த்தாள். அவளுக்கும் 5.4. நான் கட்டினேன், 5.5. சாப்பிட்டவர், சாப்பிடாதவர், நோயாளி, நோய் இல்லாதவர், எல்லோருக்கும் அது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஏதோ ஒரு நல்ல எண்ணைக் காட்டுகிறது. பயமாக இருந்தது என்னவென்றால், எண் நன்றாக இருக்கிறதே என்று அவர் இரவு மாத்திரையை நிறுத்தியிருந்தார். மருத்துவரிடம் சொல்லவில்லை.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. தோலைத் துளைக்காமல், தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று சொன்னது. இன்சுலின் போடுகிறவர் தப்பான எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டிவிட்டால், சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம், கோமா, உயிரிழப்பு வரை போகலாம். உலகின் பெரிய பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கணக்காக முயன்றுகொண்டிருக்கும் காரியம் இது. அது முடிந்திருந்தால் நூறு ரிங்கிட்டுக்கு இணையச் சந்தையில் ஓசையில்லாமல் விற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கையில் ஒட்டி, 14 நாள் வரை சர்க்கரையைக் காட்டும் சென்சார் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது உண்மையான மருத்துவக் கருவி. மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போகிறது. அந்தச் சென்சாரின் எண்ணை வாட்ச் வாங்கிக் காட்டினால் அதில் பிரச்சினை இல்லை. அளப்பது சென்சார், வாட்ச் வெறும் திரை. இரண்டையும் குழப்பும் வகையில் விளம்பரம் எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கடுமையான கோபம் உண்டு. மலேசியாவில் மருத்துவக் கருவி என்று விற்கப்படுவது, 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டத்தின்படி மருத்துவக் கருவி ஆணையத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் என்ன என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் 31.4 விழுக்காடு, எல்லா இனத்திலும் அதிகம். நம் சொந்தக்காரர் பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடினால் மூன்று பேருக்கு இருக்கும். பாதி விருந்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் அத்தையின் வீக்கத்தையும், கால் விரலை எடுத்த மாமாவையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இப்படிப்பட்ட வீடுகளைக் குறிவைத்துத்தான் அந்த விளம்பரங்கள் வருகின்றன.

ரத்த அழுத்தம் காட்டும் வாட்ச்களில் சில ஓரளவு நேர்மையானவை. ஆனால் சாம்சங் வாட்சில்கூட 28 நாளைக்கு ஒரு முறை, கையில் சுற்றி ஊதும் சாதாரணக் கருவியால் அளந்து சரிசெய்ய வேண்டும். அந்தக் கருவியை எப்படியும் வாங்க வேண்டும் என்றால், அதை மட்டுமே வாங்கி வைத்துக்கொள்ளலாமே. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதை ஈசிஜி வசதியுள்ள வாட்ச்கள் கண்டுபிடிக்கின்றன, அதில் உண்மை உண்டு. மாரடைப்பை அவை கண்டுபிடிப்பதில்லை. நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 999ஐ அழையுங்கள். இன்னொன்று: அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பே மெதுவாகத்தான் ஏறும். 220இலிருந்து வயதைக் கழித்து வாட்ச் போடும் இலக்கை அவர்கள் துரத்தக் கூடாது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்கிற வேகத்தில் நடந்தால் போதும்.

கையில் இருப்பது 300 ரிங்கிட் என்றால் எதற்குச் செலவழிப்பது என்று நேரடியாகக் கேட்டார் ஒரு தம்பி. அவருக்கு முப்பத்தைந்து வயது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அப்பா அம்மா இருவருக்கும் இனிப்பு நீர். முதலில் ரத்தப் பரிசோதனை என்றேன். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான் கட்டணம். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் பேண்ட் எதற்கு? எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவி பெறும் குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அரசாங்கத்தின் பேகா பி40 உடல்நலத் திட்டத்தில் பரிசோதனை இலவசம். தகுதி இருந்தும் போகாதவர்கள் நம்மில் ஏராளம். வீட்டில் நோயாளி இருந்தால் அடுத்தது விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரும் அதற்கான ஸ்ட்ரிப்பும். பிறகு ஒரு நல்ல காலணி. இதெல்லாம் போக மிச்சம் இருந்தால் பேண்ட்.

அந்தத் தம்பி எல்லாம் முடித்துக் கடைசியில் பேண்டும் வாங்கினார். வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு வாரத்துக்கு மேல் சார்ஜ் நிற்கிறதா, நம் ஊர் மழைக்கும் வியர்வைக்கும் தாங்குமா, வெயிலில் கண்ணாடி போடாமல் எண்ணைப் படிக்க முடிகிறதா என்று கடையில் கட்டிப் பாருங்கள். பட்டையை இரவில் கழற்றித் துடையுங்கள், இல்லாவிட்டால் தோலில் அரிப்பு வரும். வீட்டுக்கு வந்ததும் பேண்டின் அமைப்புக்குள் (செட்டிங்ஸ்) போய், அதில் இருக்கும் அடி இலக்கை அழித்துவிட்டு, இப்போது நீங்கள் நடப்பதைவிட ஆயிரம் அடி மட்டும் கூட்டி வையுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து பத்து நிமிடம் நடக்கும்படி ஒரு அலாரமும் அதிலேயே வைத்துவிடுங்கள்.