சார்ல்ஸ் ஹாட்ரி: சர் பட்டக்காரரின் மகன் அல்ல

‘கேரி ஆன்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் பட வரிசையில் வட்டக் கண்ணாடியும் ஒல்லி உடம்புமாக வருவாரே, சார்ல்ஸ் ஹாட்ரி, அவர் பிரிட்டிஷ் நாடக நடிகர் சர் சார்ல்ஸ் ஹாட்ரியின் மகன் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. இவர் 1914இல் லண்டனை ஒட்டிய ஹவுன்ஸ்லோவில் பிறந்தவர். இயற்பெயர் ஜார்ஜ் ஹார்ட்ரீ, அப்பா கார் மெக்கானிக். 1923இல் மறைந்த சர் சார்ல்ஸின் பெயரை மேடைக்காக வைத்துக்கொண்டார். மகன் என்று பிறர் நம்பியதை அவரே வளரவும் விட்டார். வதந்தி இன்னும் ஓய்ந்தபாடில்லை.

சரி, இவரை நினைவில் வைக்கவேண்டியது நடிப்புக்காக. 1968இல் வந்த ‘கேரி ஆன் அப் த கைபர்’ பாருங்கள். கில்ட் எனும் ஸ்காட்லாந்துப் பாவாடைக்குள் எதுவும் அணியாதவர்கள் என்றே எதிரிகள் நடுங்கும் படையில், உள்ளாடையோடு மாட்டிக்கொள்ளும் சிப்பாய் இவர்தான். அதே பட வரிசையில் நடித்த கென்னத் வில்லியம்ஸைக் கொண்டாடும் அளவுக்கு இவரை யாரும் கொண்டாடாதது எனக்கு வருத்தம்.