ஆயா எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள்

போன வாரம் அலுவலகத்தில் ஒரு தங்கை வந்து கேட்டாள். இரண்டரை வயதுப் பையனைச் சேர்க்க எந்த நர்சரி நல்லது, கட்டணம் எவ்வளவு, எல்கேஜி போவதற்குள் ஏ, பி, சி, டி எழுத வைத்துவிடுவார்களா என்று. "அங்கே ஆயா எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேட்டுவிட்டு வா, பிறகு பேசலாம்" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது, நான் பேச்சைத் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மகளுக்கு இரண்டே முக்கால் வயதில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நர்சரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். சுவரெல்லாம் யானை, ஒட்டகச்சிவிங்கி. தரையில் மெத்தென்ற விரிப்பு. வகுப்பை அலைபேசியிலேயே பார்க்கலாம் என்று கேமரா வேறு. பார்த்ததும் மனம் நிறைந்து பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம்.

அங்கே ஓர் ஆயா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். சேர்த்த ஒரே வாரத்தில், பெற்ற எனக்கே தெரியாத ஒன்றைச் சொன்னார். "பாப்பா ஒன்றுக்கு வந்தால் வாய் திறந்து சொல்லாதுங்க. பாவாடை நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடும். அதைப் பார்த்ததும் நான் கூட்டிக்கொண்டு போய்விடுவேனுங்க." அன்று இரவு வீட்டில் கவனித்தேன். அப்படியேதான் செய்தாள்.

இரண்டு மாதத்தில் அந்த அம்மா நின்றுவிட்டார். ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சனிக்கிழமைதோறும் சம்பளக் கவர் போடுபவள் நான். செக்கிங் மேசையில் ஒன்றரை ஷிப்ட் நிற்பவருக்கு என்ன கிடைக்கிறது, இருபது குழந்தைகளுக்குக் கால் கழுவி, சோறூட்டி, தூங்க வைப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் ஆயாக்கள் நிலைக்காததற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அவருக்குப் பின் அடுத்தடுத்து இரண்டு பேர் வந்தார்கள், போனார்கள். மகள் எல்லாரையும் "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். ஒரு நாள் மதியம் அலுவலகத்தில் கேமராவைத் திறந்தேன். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் பாவாடை நுனி. எனக்குப் புரிந்துவிட்டது, அந்த அறையில் இருந்த யாருக்கும் புரியவில்லை. நான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. மாலையில் போய்த் தூக்கியபோது ஈரம் உடம்பிலேயே காய்ந்திருந்தது. தொடை இரண்டும் சிவந்து தடித்திருந்தது. அதற்குப் பிறகு பதினைந்து நாள் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

நியாயம் கேட்கப் போனேன். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். ஆனால் பதிலுக்கு ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்கள். ஸ்டேண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், பக்கம் பக்கமாக. "உங்கள் பாப்பா எவ்வளவு முன்னேறிவிட்டாள், பாருங்கள்!"

அந்தக் கோடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. மூன்று வயதில் அவற்றில் மூன்றோ நான்கோதான் எலும்பாக இறுகத் தொடங்கியிருக்கும். கடைசி எலும்பு இறுகத் தொடங்க எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, கோடு நேராக வரவில்லை என்று அதட்டுகிறோம். மண் அள்ளவும், மாவு பிசையவும், கொட்டாங்குச்சியில் தண்ணீர் மொண்டு ஊற்றவும் வேண்டிய வயது அது. எழுதுவதற்கான வலு அந்த விளையாட்டில்தான் கைக்கு வருகிறது. நர்சரிக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. கோடு போட்ட நோட்டைக் காட்டாவிட்டால் நாம்தான் அடுத்த தெருவில் இருக்கும் நர்சரிக்கு மாற்றுகிறோம்.

நானும் மாற்றினேன், வேறு காரணத்துக்காக. இடம் அமையும்வரை மகளைக் காங்கயம் பக்கத்து எங்கள் ஊரில், அவளுடைய அமுச்சி, அதாவது பாட்டி வீட்டில் விட்டேன். அமுச்சி அவளைப் பால்வாடிக்குக் கூட்டிப்போனார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிப் பிள்ளைகளோடு 2 வயதுக் குழந்தைகளையும் அதில் சேர்த்தார்கள். அந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான் நானும். ஆனால் படித்து, சம்பாதித்த பிறகு பால்வாடி என்றால் ஏழைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அங்கே டீச்சர் பத்தொன்பது வருடமாக இருக்கிறார். யார் வீட்டுப் பிள்ளைக்கு எது ஒவ்வாது, யாருக்கு இருட்டு பயம் என்பதெல்லாம் அத்துபடி. முட்டை போடும் நாளில் தட்டுகளை வரிசையாக வைத்து, "எத்தனை தட்டு இருக்கிறது சாமி? எத்தனை முட்டை வேண்டும்?" என்று கேட்கிறார். ஒரு தட்டுக்கு முட்டை இல்லாமல் போனால் குழந்தைகளே கத்திச் சொல்கிறார்கள். எடை பார்க்கும் நாளில் யார் கனம், யார் லேசு என்று ஒரு பேச்சு ஓடுகிறது. கணக்கு என்று பெயர் சொல்லாமலே கணக்கு நடக்கிறது. மூன்றாம் நாள் டீச்சர் அமுச்சியிடம், "பாவாடையைப் பிடித்தால் கூட்டிப்போக வேண்டும் போலிருக்கிறதே அம்மிணி" என்றாராம். அமுச்சி போனில் இதைச் சொன்னபோது நான் அழுதுவிட்டேன்.

அங்கே எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். கழிப்பறைக் கதவு சரியில்லை. வாக்காளர் பட்டியல் வேலைக்கு டீச்சரை இழுத்துக்கொள்கிறார்கள், மீதி நேரத்தில் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் குழந்தைகளின் விவரங்களைப் பதிவேற்ற வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் சமையலையும் குழந்தைகளையும் ஆயா ஒருவரே பார்க்கிறார். காலமுறை ஊதியம் கேட்டு இவர்கள் எத்தனையோ ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். சாலையில் உட்கார்ந்தால் போக்குவரத்து நெரிசல் என்று நாம் முகம் சுளிக்கிறோம்.

வேலைக்குப் போகும் தாய்க்கு இன்னொரு சிக்கல். பால்வாடி மாலையில் மூடிவிடும், கம்பெனி இரவு எட்டரைக்குத்தான் விடும். பெண்கள் பலர் வேலை செய்யும் ஆலையில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் அந்த அறையில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். ஆடிட் வரும் அன்று மட்டும் பொம்மைகள் வரும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது வேலைக்குப் போகும் ஏழைத் தாய்களின் பிள்ளைகளுக்காக. இன்று அந்தப் பெயர்ப் பலகை மாட்டிய வாசலுக்குள் ஒரு டெய்லரின் பிள்ளை நுழைய முடிகிறதா?

இப்போது மகள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சிறிய நர்சரிக்குப் போகிறாள். பதினான்கு குழந்தைகள், இரண்டு ஆயாக்கள். மூத்தவர் அங்கே ஆறு வருடமாக இருக்கிறார். சுவரில் யானை கிடையாது. காலையில் என் கழுத்தை விட்டு அவர் இடுப்புக்குத் தானாகத் தாவுகிறாள்.

போன மாதம் அவரும் கம்பெனி வேலைக்குப் போவதாகப் பேச்சு வந்தது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, ஆளுக்கு மாதம் 300 ரூபாய் கூட்டிக் கொடுப்போம், அது முழுவதும் ஆயாக்களுக்கே போக வேண்டும் என்றேன். ஒருவர், "அந்தக் காசுக்கு இந்தி கிளாஸ் வைப்பார்களா?" என்று கேட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டு பாவாடை நுனிக் கதையை அவருக்குச் சொன்னேன். ஒன்பது குடும்பம் ஒப்புக்கொண்டது. அவரையும் சேர்த்து ஐந்து பேர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இந்தச் சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் அந்த ஐந்து வீட்டுக்கும் நேரில் போகிறேன்.