புறாத்தீவில் புறா உண்டு

"கொக்குவிலில் கொக்கும் இல்லை, புறாத்தீவில் புறாவும் இல்லை" என்ற பகிடி நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் சிலர் அதையே தகவலாக எடுத்து, இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளிக் கரைக்கு அப்பால் இருக்கும் புறாத்தீவில் புறாக்களே கிடையாது, பெயர் சும்மா வைத்தது என்று பகிர்கிறார்கள். அது சரியல்ல.

அங்கே மாடப்புறாக்கள் இருக்கின்றன. புறாத்தீவு என்பது இரண்டு தீவுகள்; அவற்றில் பெரியதன் பாறை இடுக்குகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தீவுக்குப் பெயர் வந்ததும் அவற்றால்தான். 2003இல் தேசியப் பூங்காவானதிலிருந்து பவளப்பாறை பற்றிய பேச்சே அதிகம். போகிறவர்கள் தண்ணீருக்குள்ளேயே பார்த்துவிட்டுத் திரும்பினால் புறா எப்படிக் கண்ணில் படும்?

நீங்களே பார்க்கலாம். நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர்தான். மே முதல் செப்டம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதி. தீவில் இறங்கியதும் பாறைகளை நிமிர்ந்து பாருங்கள்: சாம்பல் உடல், இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், கழுத்தில் பச்சையும் ஊதாவுமாக மினுக்கம். கூடு இருக்கும் பாறைகளில் மட்டும் தயவுசெய்து ஏறவேண்டாம். போக முடியாதவர்கள் பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையத்தளத்தில் புறாத்தீவுப் பதிவுகளைத் தேடிப் பார்க்கலாம்.