வரி நோட்டில் இல்லாத வீடுகள்

எங்கள் கொங்கு நாட்டில் கமிட்டிகளுக்குப் பஞ்சமே கிடையாது. மாரியம்மன் கோயிலுக்குப் பூச்சாட்டிவிட்டால் போதும், கமிட்டி கூடிவிடும். ஊரில் எத்தனை தலைக்கட்டு, யார் வரி கொடுத்தாயிற்று, யார் பாக்கி, திருப்பூரில் கம்பெனி நடத்தும் எந்தப் பங்காளி அன்னதானத்துக்கு அரிசி மூட்டை இறக்குவார் என்று அத்தனையும் ஒரே நோட்டில் இருக்கும். கம்பம் நடுவதில் தொடங்கி மஞ்சள் நீராட்டு வரைக்கும் யாருக்கும் சம்பளம் கிடையாது, ஒரு வேலையும் நிற்காது. கணக்கில் பத்து ரூபாய் உதைத்தால்கூட நடுராத்திரியில் உட்கார்ந்து சரிபார்க்கிற மனிதர்கள் இவர்கள்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனம் உள்ள ஊரில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கும் ஒரு குழு ஏன் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். எந்த வீட்டில் பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், எந்த வீட்டில் மூளை முடக்குவாதம் வந்த பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் கூலிக்குப் போக முடியாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன, எந்த நோட்டிலும் ஏறவில்லை.

நம் பக்கத்து ஊர்களின் அமைப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தெருவோடு தெரு ஒட்டிய ஊர்கள் மட்டுமல்ல இவை. தோட்டத்துக்கு ஒரு வீடு, அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். மகன் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பான், மகள் கோவையில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருப்பாள். தோட்டத்தில் இரண்டு கிழடுகளும் நான்கு மாடுகளும்தான். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டார்கள். 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே ஒரு வயதான தம்பதி. அவர்கள் இறந்து கிடந்தது அக்கம்பக்கத்துக்கே உடனே தெரியவில்லை. அதன்பிறகு கேமரா வையுங்கள், நாய் வளருங்கள், போலீஸ் ரோந்து வரட்டும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் ஒருவர் அந்த வழியாகப் போய், வாசலில் நின்று “ஆத்தா, சாப்பிட்டாயிற்றா?” என்று கேட்பதற்கு முறை போட வேண்டும் என்று யாரும் பேசவில்லை. மாவிளக்குக்கு முறை போடத் தெரிந்த ஊர் இது.

‘அரசாங்கம்தான் எல்லாம் செய்கிறதே’ என்பார்கள். செய்கிறது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தாயுமானவர் திட்டத்தில் 2025 ஆகஸ்டிலிருந்து முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வாசலுக்கு வருகிறது. கடுமையான பாதிப்பு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. குறை திட்டத்தில் இல்லை. திட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கூடவே நடந்துபோக ஓர் ஆள் இல்லாததில்தான் இருக்கிறது.

எங்கள் வீதியில் ஓர் அக்கா இருக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவரிடம் ஒரு மஞ்சள் பை உண்டு. அதற்குள் வீட்டுக்கு ஒரு பாலிதீன் உறை, உறைக்குள் ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், பாஸ்புக்கின் முதல் பக்கம், நான்கு பாஸ்போர்ட் அளவுப் படம். மேலே பேனாவில் பெயர் எழுதி ஒட்டியிருப்பார். மாற்றுத்திறனாளி சான்று முகாமுக்கு எலும்பு மருத்துவர் எந்தக் கிழமை வருவார், காது மருத்துவர் எந்தக் கிழமை, எந்த மேசையில் முதலில் சீட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆயுள் முழுக்கத் தறியில் உட்கார்ந்த ஒரு தாத்தாவுக்கு விரல் ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை மிஷினில் பதியவே இல்லை. மாதாமாதம் வெறும் பையோடு திரும்பிக்கொண்டிருந்தார். வர முடியாதவர்கள் வேறொருவரை நியமித்து எழுதிக்கொடுக்கலாம் என்ற படிவம் ஒன்று இருப்பதே எங்கள் யாருக்கும் தெரியாது, இந்த அக்காவைத் தவிர. தாத்தாவுக்காக அந்தப் படிவத்தோடு அலைந்த அன்றைக்கு அக்காவுக்கு ஒரு ஷிப்ட் சம்பளம் போனது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சக்கர நாற்காலி கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மேடை, பொன்னாடை, நான்கு பேர் சேர்ந்து ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு படம். கொடுக்கட்டும். அந்த நாற்காலியின் சக்கரம் ஆறாவது மாதம் கழன்றால் யாரிடம் போவது என்று கேட்டால் மேடையில் இருந்தவர்கள் யாரும் இல்லை. எனக்கு வேண்டிய குழு, அந்தச் சக்கரத்தைப் பற்றிக் கவலைப்படுகிற குழு.

சட்டத்தில் குழுக்கள் இல்லாமல் இல்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் சேர்ந்த உள்ளூர் அளவிலான குழு உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிப்பது அதன் வேலை. பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், பெற்றவர்களே ஆனாலும் சட்டத்தின் கண்ணில் தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. வங்கிக் கணக்கில் கையெழுத்துச் சிக்கல் வரும்போதுதான் இது பலருக்கும் உறைக்கிறது. “எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் அம்மிணி?” என்று அந்த அக்காவிடம் கேட்காத தாய் இல்லை. அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பமாக இருக்கிறது. மீதிப் பாதியை எந்த அலுவலகமும் தராது, ஊர்தான் தர வேண்டும்.

உறவுக்காரப் பெண் ஒருத்தி பாஸ்டன் பக்கம் இருக்கிறாள். அவள் சொல்லித்தான் தேடிப் படித்தேன். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஊர்கள் தாங்களே மாற்றுத்திறனாளி ஆணையம் அமைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் மாற்றுத்திறனாளிகளாகவே இருக்க வேண்டும். ஊர் நிர்வாகத்திலிருந்தும் ஒருவர் இருப்பார். மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் இடத்தில் வண்டியை நிறுத்துகிறவர்களிடம் வசூலிக்கும் அபராதத்தை அந்த ஆணையத்துக்கே ஒதுக்க ஊர் முடிவு செய்யலாம். கோவை காந்திபுரத்தில் ஒரே ஒரு வாரம் இதை ஒழுங்காக வசூலித்தால் எவ்வளவு சேரும் என்று கற்பனை செய்து பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அமெரிக்காவைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும் என்பதில்லை. யாருக்காகக் குழுவோ அவர்களே பெரும்பான்மை என்ற அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால், கோயில் கமிட்டியை அப்படியே பெயர் மாற்றி இந்த வேலைக்கு வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பல ஊர்களில் அந்த வரி நோட்டில் அருந்ததியர் குடியிருப்பின் ஒரு வீடுகூட இருக்காது. பெண்களின் பெயரும் இருக்காது. முதியோர் விஷயத்தில் இன்னும் ஆபத்து. மகனுக்குத் தோட்டத்தைத் தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு அல்லாடும் ஆத்தாவைப் பெரியவர்கள் நான்கு பேர் உட்கார வைத்து, “விட்டுக்கொடுத்துப் போங்கள், குடும்ப மானம் போய்விடும்” என்று அனுப்பிவிடுவார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இலேயே வந்துவிட்டது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். பார்த்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு எழுதிக்கொடுத்த சொத்தையும், பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்ய வழி இருக்கிறது. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. குழு பஞ்சாயத்துப் பேச வேண்டாம், ஆத்தாவின் கையைப் பிடித்துக் கோட்டாட்சியர் அலுவலகப் படியேற்றி விட்டால் போதும்.

2025 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேர் என்று அப்போது சொன்னார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒரு நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் கைகழுவிவிடக் கூடாது. அவரைச் சுற்றி ஊரில் ஏழெட்டுப் பேர் வேண்டும். அதில் அந்த மஞ்சள் பை அக்கா மாதிரி இரண்டு பேராவது இருக்க வேண்டும். போகிற வருகிற பஸ் செலவையும் போன ஷிப்ட்டின் கூலியையும் ஊர் பொதுப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். தன்னார்வம் என்றால் சொந்தக் காசில் தேய்வது என்று எவன் சொன்னான்?

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இந்தக் குழுவுக்காகத் தீர்மானம் ஒன்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். எங்கள் ஊரில் கூட்டம் நடக்கும் சமுதாயக் கூடத்துக்கு ஐந்து படி, சாய்தளம் கிடையாது. அதனால் குழு விஷயத்தை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, சாய்தளத்தை முதலாவதாக எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிற ஊர்க்காரர்கள் ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள், காப்பித்தண்ணி உண்டு.