யாளி மேல் உட்கார்ந்த அத்தை

மேடைப் பேச்சை எழுதி வைக்காமல் ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஒரு முறை பற்றிக் கட்டுரை ஒன்று படித்தேன். வீட்டு அறைகளை மனசுக்குள் வரிசைப்படுத்தி, அறைக்கு ஒரு கருத்தைப் படமாக வைத்து, மனசுக்குள்ளேயே நடந்துகொண்டு பேசலாம் என்கிறது அது. எங்கள் வீடு ஒன்றரை ரூம். மூணாவது பாயிண்டுக்கே இடம் இல்லை! அதனால் நான் வேலூர் கோட்டையை எடுத்துக்கொண்டேன்.

மாமாவின் பணி ஓய்வு விழாவில் பேச வேண்டியிருந்தது. அகழியில் அவருடைய பழைய சைக்கிள் மிதக்கிறது: வேலைக்குச் சேர்ந்த கதை. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணில், யாளி மேல் அத்தை டிபன் கேரியரோடு உட்கார்ந்திருக்கிறார்: குடும்பம். கோட்டைக்குள் இருக்கும் சர்ச் வாசலில் மாமாவிடம் தொழில் கற்ற பசங்க வரிசையாக நிற்கிறார்கள். படம் எவ்வளவு கோமாளித்தனமோ அவ்வளவு நன்றாக ஒட்டுகிறது. நடுவில் மைக் 'கீச்'சென்று கத்தி எல்லாம் மறந்தது. அகழிக்குத் திரும்பி நடந்தேன், வந்துவிட்டது.

ரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. 55-லேயே இந்த முறையை எழுதிவிட்டார், சரி. பல பேர் கேட்பதை ஒரே நேரத்தில் மனசில் வைத்துப் பதில் சொல்லும் நம் அவதானிகளைப் பற்றியும் கட்டுரையில் இரண்டு வரி எழுதியிருக்கலாம். ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு ஈடுகொடுத்தால் அட்டாவதானம், நூறு என்றால் சதாவதானம்.

கட்டுரை சொல்லாத சிக்கல் ஒன்று. சில நாளிலேயே ஒரு கல்யாண வரவேற்புக்கும் அதே கோட்டையில் நடந்தேன். மாப்பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டிய தூணில் அத்தை டிபன் கேரியரோடு இறங்க மாட்டேன் என்கிறார்! இப்போது பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடி வரைக்கும் இன்னொரு ரூட் வைத்திருக்கிறேன். பழைய படங்களை எப்படிக் காலி செய்வது என்று யாராவது சொல்லுங்களேன்.