நாத்தனார் முகம் தெரிய எஃப் எவ்வளவு?

கல்யாண ஃபோட்டோகிராஃபர்கள் மத்தியில் கொஞ்ச காலமாக ஒரு கௌரவப் பிரச்சினை ஓடிக்கொண்டிருக்கிறது. 1.4 லென்ஸ் வாங்கினால் 1.4இல்தான் எடுக்க வேண்டுமாம். நான்குக்கு மூடினால், "அப்புறம் எதுக்கு அண்ணே இவ்வளவு காசு போட்டு வாங்கினீங்க?" என்று கூட வரும் தம்பியே கேட்கிறான். நானும் கல்யாணம் எடுப்பவன்தான். 85 எம்எம் 1.4 என் பையிலும் கிடக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்: முகூர்த்த நேரத்தில் அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்து எடுப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்கிற அநியாயம்.

கேமரா பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளைதான் அப்பெர்ச்சர். மேலே சொன்ன 1.4, நான்கு எல்லாம் எஃப் எண்கள். அந்த எண் சின்னதாக இருந்தால் துளை பெரிது. லென்ஸின் குவிய நீளத்தை (85 எம்எம் என்பது அதுதான்) அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வரும், 85ஐ 1.4ஆல் வகுத்தால் சுமார் 60 மில்லிமீட்டர். துளை பெரிதாக ஆக, வெளிச்சம் நிறைய வரும், ஆனால் கூர்மையாகத் தெரிகிற பகுதி மெலிந்துகொண்டே போகும். அந்தப் பகுதிக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். இந்தக் கரைசலுக்குத்தான் இன்று மவுசு.

இப்போது மணமேடைக்கு வருவோம். கெட்டிமேளம் கொட்டுகிறது. மணப்பெண் நமக்கு இரண்டு மீட்டர் தூரத்தில். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 85 எம்எம் லென்ஸ், எஃப் 1.4, ஃபோக்கஸ் பெண்ணின் கண்ணில். கணக்குப் போட்டால் கூர்மையான ஆழம் சுமார் நான்கரை சென்டிமீட்டர்தான் வருகிறது. மனித முகத்தில் மூக்கு நுனியில் இருந்து காது வரைக்கும் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். அதாவது கண் இமை முடி ஒவ்வொன்றாக எண்ணலாம், ஜிமிக்கி மட்டும் பொன்னிற மூட்டமாக நிற்கும். தாலி கட்டுகிற மாப்பிள்ளையின் விரல்கள் கழுத்துக்குப் பின்னால் இருக்கின்றன. பல வீடுகளில் அடுத்த முடிச்சுகளைப் போடுகிற நாத்தனார் அதற்கும் பின்னால். இருவருமே அந்த நான்கரை சென்டிமீட்டருக்குள் வர வாய்ப்பே இல்லை. தாலி கட்டிய படம் என்று ஆல்பத்தில் போடுகிறோம். அதில் கட்டுவதுதான் தெரியவில்லை.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்தை வேறொருவர் எடுத்திருந்தார். நல்ல வேலைக்காரர், வண்ணமெல்லாம் அருமை. ஆல்பம் வந்த அன்று பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். தாலி கட்டும் படம் இரண்டு பக்கத்துக்கு விரிந்து கிடந்தது. "ஏம்பா, எம் பொண்ணுதானே முடிச்சுப் போட்டா? அவ எங்க?" என்றார். "இதோ பெரியம்மா, பின்னாடி பச்சையா இருக்கே, அதுதான் அக்கா" என்றேன். "அதுவா? நான் வாழை இலைன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அக்கா அன்றைக்குக் கட்டியிருந்த பட்டுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும்.

மங்கலா, கூர்மையா என்கிற இந்தச் சண்டை நேற்று முளைத்ததல்ல. இங்கிலாந்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஓர் அம்மையார் இருந்தார். 1863இல், தன் 48ஆவது வயதில்தான் அவர் கைக்குக் கேமராவே வந்தது. பெரிய கண்ணாடித் தகடுகளில், பல வினாடிகள் எக்ஸ்போஷர் கொடுத்து, முகங்களை மென்மையாக எடுத்தார். ஃபோக்கஸ் வைக்கத் தெரியாத பெண்மணி என்று அந்தக் காலத்து ஃபோட்டோ விமர்சகர்கள் திட்டினார்கள். எது சரியான ஃபோக்கஸ் என்று தீர்மானிக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்று வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்து, அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1879இல் அங்கேயே இறந்தார். கல்லறை மலையகத்தில் பொகவந்தலாவை தேவாலயத்தில் இருக்கிறது.

அடுத்த தலைமுறைகள் நேர் எதிர்ப்பக்கம் போயின. 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் சேர்ந்து தங்கள் குழுவுக்கு வைத்த பெயரே எஃப் 64. லென்ஸை அந்த அளவுக்கு மூடி, முன்னால் கிடக்கும் கூழாங்கல்லில் இருந்து தூரத்து மலை வரை எல்லாம் கூர்மையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நம் கேமராவில் அந்த அளவுக்கு மூட முடியாது. முடிந்தாலும், சின்னத் துளையில் வெளிச்சம் வளைந்து பரவுகிற டிஃப்ராக்‌ஷன் வந்து படம் முழுக்க மந்தமாகிவிடும். அவர்களுடையது எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம். அதற்கு 300 எம்எம் லென்ஸ் போட்டு 64இல் வைத்தால் துளை ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வேடிக்கை இருக்கிறது. உங்கள் செல்ஃபோனின் பிரதான கேமராவில் எஃப் 1.8 என்று போட்டிருக்கும். ஆனால் அந்தக் குட்டி லென்ஸின் குவிய நீளமே ஏழு மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். வகுத்துப் பாருங்கள், துளை நான்கு மில்லிமீட்டர் பக்கம் வரும். ஆடம்ஸ் முக்காலி வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பிடித்த அதே அளவுத் துளைதான் நம் சட்டைப் பையில். செல்ஃபோன் படத்தில் முன்னால் இருக்கும் இலை முதல் கடைசிப் பந்தி வரை எல்லாம் தெளிவாக வருவதற்குக் காரணம் இதுதான்.

எல்லோர் கையிலும் இப்படி எல்லாம் தெளிவாக வருகிற கேமரா வந்ததும், "இது பெரிய கேமராவில் எடுத்தது" என்று காட்ட நமக்கு மிஞ்சிய ஒரே அடையாளம் பின்னணி மங்கல். வாடிக்கையாளரும் அதைத்தான் கேட்டார், நாமும் அதையே விற்றோம். 2016இல் ஐஃபோன் 7 பிளஸில் போர்ட்ரெய்ட் மோட் வந்தது. அதற்கப்புறம் எல்லாக் கம்பெனியும் மென்பொருளிலேயே பின்னணியைக் கரைக்கக் கற்றுக்கொண்டது. காதோரம் பறக்கிற முடியையும் சேர்த்து அழித்துவிடும் என்பது வேறு விஷயம், வருடத்துக்கு வருடம் அதுவும் சரியாகிக்கொண்டு வருகிறது. ஆக, செல்ஃபோன் சும்மாவே செய்கிற ஒன்றுக்காக லட்சக்கணக்கில் லென்ஸ் வாங்கி, அதையும் தவறான நேரத்தில் செய்துகொண்டிருக்கிறோம்.

பழைய ஆல்பங்களைப் பார்த்திருப்பீர்கள். இரட்டை லென்ஸ் உள்ள யாஷிகா டிஎல்ஆர் கேமரா, 80 எம்எம் லென்ஸ், 120 ஃபிலிமில் பன்னிரண்டு படம். வெளிச்சத்துக்கு ஃபிளாஷை நேராக முகத்தில் அடிப்பார்கள். கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 32 உள்ள ஃபிளாஷ், 100 ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறனைச் சொல்லும் எண்) ஃபிலிம், ஆள் நான்கு மீட்டரில் என்றால் 32ஐ நான்கால் வகுத்து எஃப் 8. ஃபிளாஷ் கணக்கு அந்த எண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியது, ரசனைக்கு அதில் பெரிய வேலை இல்லை. அதன் பலன் என்ன? மாப்பிள்ளைக்குப் பின்னால் மாமன், மாமனுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் பையன், தூணில் கட்டிய குலை தள்ளிய வாழை எல்லாம் அடையாளம் தெரிகிற அளவுக்காவது இருக்கின்றன. முகமெல்லாம் எண்ணெய் வழிந்த மாதிரி பளபளக்கும், சுவரில் கறுப்பு நிழல் விழும், அழகு கம்மிதான். ஆனால் யார் யார் வந்திருந்தார்கள் என்று அந்தப் படங்களை வைத்துத்தான் இன்றும் வீட்டில் பேச்சு நடக்கிறது.

1.4 வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண் அறையில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கும் யாரோ தொங்கவிட்ட துண்டும் இருக்கும். அங்கே 1.4 ஒரு வரப்பிரசாதம். குழந்தை முகம், மருதாணிக் கை, மாலையில் தொங்கும் ஒற்றைப் பூ, அங்கெல்லாம் தாராளமாகத் திறக்கலாம். அவுட்டோர் ஷூட்டில் ஜோடி மட்டும்தான், பின்னால் யாரும் உறவினர் இல்லை, உங்கள் இஷ்டம்.

முகூர்த்தத்துக்கு என் வழக்கம் 35 எம்எம், எஃப் 5.6. இரண்டு மீட்டரில் ஃபோக்கஸ் வைத்தால் சுமார் 1.6 மீட்டரில் இருந்து 2.7 மீட்டர் வரை தெளிவு. பெண், மாப்பிள்ளை, விரல், முடிச்சு, நாத்தனார், பக்கத்தில் கண்ணைத் துடைக்கும் அப்பா எல்லோரும் அதற்குள் அடங்குவார்கள். அதற்கும் பின்னால் இருக்கும் கூட்டம் லேசாக மென்மையாகும். ஆனால் யார் என்று தெரியும். ஒன்று சொல்ல வேண்டும்: இந்தக் கணக்கெல்லாம் சுமாரான அளவில் பார்க்கிற பிரிண்டுக்குப் போட்டது. இரண்டு பக்கம் விரிகிற ஆல்பத்துக்கு இன்னும் கறாராகத்தான் இருக்க வேண்டும். குடும்பக் குரூப் ஃபோட்டோவை 50 எம்எம் 1.8இல் நான்கு மீட்டரில் நின்று எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். எழுபது சென்டிமீட்டர்தான் ஆழம். நாற்காலி வரிசையில் ஃபோக்கஸ் வைத்தால் பெஞ்சு மேல் நிற்கிற சித்தப்பாக்கள் போச்சு.

மண்டபத்தில் வெளிச்சம் இல்லையே என்பார்கள். 1.4இல் இருந்து 4க்கு மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு வெளிச்சம் குறையும். ஐஎஸ்ஓ 800 இருந்த இடத்தில் 6400 வேண்டும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கேமராவில் இது பயமுறுத்துகிற எண்தான். இன்றைய கேமராவில் வருகிற கிரெய்னை, அதாவது பொடிப் பொடிப் புள்ளிகளை, மென்பொருள் துடைத்துவிடும், பாக்கியை ஆல்பம் பேப்பர் விழுங்கிவிடும். கிரெய்ன் இருக்கிறது என்று எந்த மாமியாரும் சண்டைக்கு வந்ததில்லை. அதோடு மேடையில் வீடியோக்காரர் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. அவரோடு காலையிலேயே ஒரு டீ குடித்துவிட்டால் விளக்கைக் கொஞ்சம் நமக்கும் சாதகமாகத் திருப்பி வைப்பார்.

புதிதாக இறங்குகிற தம்பிகள் முதல் வருமானத்தில் என்ன வாங்கலாம் என்று கேட்கிறார்கள். 85 எம்எம் 1.4 அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒரு 35 எம்எம் 1.8, தலை திரும்புகிற நல்ல ஃபிளாஷ் ஒன்று, கூடவே இரண்டு செட் பேட்டரி. மண்டபத்துக் கூரை வெள்ளையாக இருந்தால் ஃபிளாஷை மேலே திருப்பி அடியுங்கள், 5.6 சௌகரியமாகக் கிடைக்கும். கூரையில் சிவப்பு நீலத் துணி கட்டியிருந்தால் மேலே திருப்பாதீர்கள், மாப்பிள்ளை முகம் ஊதாவாகிவிடும்.