ஒரே வண்டியில் ஏறினால் பிரித்த குப்பை வீணா?

"வீட்டில் குப்பையைப் பிரிப்பது வீண், எல்லாவற்றையும் ஒரே வண்டியில் போட்டுக் கலந்துவிடுகிறார்கள்" என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. பொதுவான உண்மையாக இதை எடுத்துக்கொள்வது தவறு.

பல ஊர்களில் ஓடும் வண்டிகளுக்கு உள்ளே தடுப்பு உண்டு. வெளியே பார்க்க ஒரே வண்டி, உள்ளே தனித்தனி அறைகள். வேறு சில இடங்களில் அதே வண்டி ஒருநாள் மக்கும் குப்பைக்கும் இன்னொரு நாள் மறுசுழற்சிப் பொருள்களுக்கும் வரும். தாள், புட்டி, டப்பா மூன்றையும் ஒன்றாக வாங்கிக்கொள்ளும் முறையும் இருக்கிறது. அவை பிரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே காந்தம் இரும்பை இழுக்கும். வேகமாகச் சுழலும் காந்தத்தால் வேலை செய்யும் சுழல் மின்னோட்டக் கருவி அலுமினியத்தைத் தள்ளிவிடும். அகச்சிவப்பு உணரி பிளாஸ்டிக் வகைகளை அடையாளம் காணும். மிச்சத்தை ஆட்கள் கையால் பொறுக்குகிறார்கள். மிகக் கடினமான வேலை அது.

சரி, கலப்பதே இல்லையா? இருக்கிறது. பிரித்ததைக் கலந்துவிடும் உள்ளாட்சிகளும் உண்டு, அதைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் கெடுதல் பல நேரம் வீட்டுத் தொட்டியிலேயே ஆரம்பிக்கிறது. குழம்பு ஊறிய தாளை எந்த இயந்திரத்தாலும் மீட்க முடியாது. பிளாஸ்டிக் பை பிரிப்பு இயந்திரத்தின் உருளைகளில் சுற்றிக்கொண்டு நிலையத்தையே நிறுத்திவிடும். அழுக்கு அதிகமான சுமை மொத்தமாகக் குப்பைக் கிடங்குக்குப் போய்விடும்.

எதை ஏற்பார்கள் என்பது அந்தந்த உள்ளாட்சியின் ஒப்பந்தத்தையும், பக்கத்திலிருக்கும் நிலையத்தையும், வாங்க ஆள் இருப்பதையும் பொறுத்தது. அதனால் பக்கத்து ஊர்ப் பட்டியலைப் பின்பற்றாமல், உங்கள் உள்ளாட்சியிடமே கேட்டுவிடுங்கள்.